பக்கத்துக் குரல்

(பொம்மிடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அரிசில் கிழாரை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர். தகடூர் என்ற நம் தருமபுரியை அழித்தவனைப் போய்ப் பாடினாரே என்று இன்னும் வருத்தப்படுகிறவர்கள் இந்த அவையில் இருக்கலாம். அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அவர் பாடிய குறுந்தொகைப் பாட்டு ஒன்று இருக்கிறது, 193ஆம் பாட்டு. அதில் மலைச்சுனையில் கிடக்கும் தேரையின் ஒலியைத் தட்டை என்ற கருவியின் ஒலிக்கு ஒப்பிடுகிறார். தட்டை என்பது தினைப்புனத்தில் கிளி விரட்டப் பயன்பட்ட மூங்கில் கருவி. பிளந்த மூங்கிலைத் தட்டினால் இழுத்துப் பாடும் ஓசை எழாது, தட்டல்கள்தான் அடுத்தடுத்து விழும். இன்றைய ஒலியியல் ஆய்வாளர் ஒரு தவளையின் குரலைப் பதிந்து கணினித் திரையில் விரித்துப் பார்க்கும்போது முதலில் எண்ணுவதும் அந்தத் தட்டல்களைத்தான். ஒரு நொடிக்கு எத்தனை? துடிப்பு வேகம் என்று அதற்குப் பெயர். இன்று மாலை அந்தச் சொல் அடிக்கடி வரும்.

நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். ஒரு தவளையின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதன் இனம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதே குட்டையில் வேறு யார் கத்துகிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. பக்கத்தில் கத்துவது நெருங்கிய பங்காளி இனமாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறோம். கோடை மழை ஒன்று வலுவாக இறங்கிய இரவில் ஏரிப் பக்கம் போனால் காது அடைத்துவிடும். அதை நாம் ‘தவளை கத்துது’ என்று ஒருமையில் சொல்லி முடித்துவிடுகிறோம். நம் பக்கத்துச் சமவெளித் தவளைகளைப் பாருங்கள். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் புடைக்க, தண்ணீரில் மிதந்துகொண்டே அடித்தொண்டையில் கத்துவது பெருந்தவளை, ஹோப்ளோபட்ராகஸ் டைகரினஸ். அதன் பங்காளியான ஹோப்ளோபட்ராகஸ் கிராசஸ் இன்னும் சிறியது, தடித்தது. மண்ணைத் தோண்ட அதன் பின்னங்காலில் பெரிய புடைப்பு உண்டு. மணலும் ஈரமும் உள்ள இடத்தில் குறுவாய்த் தவளைகள் இரண்டு: மைக்ரோஹைலா ஆர்னேட்டா, மைக்ரோஹைலா ரூப்ரா. இரண்டும் ஒரு அங்குலம் அளவே இருக்கும். ஆனால் அந்த உடம்பிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டால், கத்துவது இதுதான் என்று பார்த்த பிறகும் நம்ப மனம் வராது. இவற்றில் கிராசஸ், ரூப்ரா இரண்டையும் அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் தாமஸ் ஜெர்டன், 1853இல். சென்னை மாகாணத்தில் கம்பெனி ராணுவ மருத்துவராக இருந்தவர். இவை போக, மண்ணுக்குள்ளிருந்து மழைக்கு மட்டும் மேலே வரும் பலூன் தவளை, வரப்போரத்து வயல் தவளைகள், தண்ணீர்ப் பரப்பில் தத்திப் போகும் தவளை, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்காரர்களை அலற வைக்கும் மரத்தவளை, நம் வாசல் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் தேரை.

அழைப்பது பெரும்பாலும் ஆண்தான். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நுரையீரல் காற்றைக் குரல்வளை வழியாகத் தொண்டைப் பைக்குள் தள்ளும். பை அதைத் திருப்பி அனுப்பும். இப்படிப் போகவர இருக்கும் காற்றில்தான் இரவு முழுக்கக் கத்தல் நடக்கிறது. ஒரு ஆண் தவளை தன் வாழ்நாளில் செய்யும் வேலைகளிலேயே மிக அதிகச் சக்தியைத் தின்னும் வேலைகளில் இது ஒன்று. ஆபத்தும் உண்டு. நுணல் தன் வாயால் கெடும் என்று நாம் சொல்வதை மெர்லின் டட்டிலும் மைக்கேல் ரையனும் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் நேரிலேயே பார்த்தார்கள். குரலைக் கேட்டுத் தவளையைத் தூக்கிப் போகும் வௌவால் ஒன்றைப் பற்றி 1981இல் எழுதினார்கள். அப்படியும் ஆண் கத்துகிறது என்றால், கத்தாவிட்டால் அதற்கு வம்சம் இல்லை.

சேலம் பேருந்து நிலையத்தில் நடத்துநர்கள் ஊர்ப்பெயரைக் கூவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி வண்டி இரண்டு நின்றால் இரு நடத்துநருக்கும் ஒரே பயணி மீதுதான் கண். இது முதல் வகைப் போட்டி, ஒரே இனத்து ஆண்களுக்கு இடையில் நடப்பது. பக்கத்தில் நிற்கும் நாமக்கல் நடத்துநருக்கு அந்தப் பயணி தேவையே இல்லை. ஆனால் அவர் கூவுகிற கூவலில் ‘தருமபுரி’ அமுங்கிப் போகிறது. இது இரண்டாம் வகை. மூன்றாவதுதான் விபரீதம்: பாலக்கோடு போக வேண்டியவர் காதில் சரியாக விழாமல் பாலக்காட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவது. சொந்தக்கார இனங்களுக்கு இடையில் இந்த இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து நடக்கின்றன. குரல்கள் ஒத்திருப்பதால் ஒன்று மற்றதை அதிகமாக அமுக்குகிறது. அதே ஒற்றுமையால் பெண் ஏமாறவும் வாய்ப்பு அதிகம்.

ஏமாந்தால் நட்டம் பெண்ணுக்குத்தான். ஆண் தேரை கையில் அகப்பட்டதை எல்லாம் பற்றிக்கொள்ளும். வேறு இனத்தை, இன்னொரு ஆணை, சில சமயம் செத்துக் கிடப்பதைக்கூட. தப்பு என்று தெரிந்தால் விட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். பற்றப்பட்டதும் ஆணாக இருந்தால் ‘விடு’ என்று சொல்லத் தனியாக ஒரு குரலே இருக்கிறது. பெண்ணுக்கு விட்டுவிட்டு அடுத்ததைத் தேடும் வசதி இல்லை. ஒரு மழைக்கு வயிறு நிறைய முட்டை. அதைத் தவறான ஆணோடு சேர்ந்து தண்ணீரில் விட்டால் அந்தப் பருவமே போச்சு. ஆகவே குட்டையில் நீதிபதி பெண்ணின் காது.

அந்தக் காது எப்படிக் கேட்கிறது என்பதை 1960களிலிருந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் கப்ரானிகா. தவளையின் உட்செவியில் ஒலியை உணரும் உறுப்புகள் இரண்டு. ஒன்று தாழ்ந்த அதிர்வுகளுக்கு, இன்னொன்று உயர்ந்தவற்றுக்கு. பல இனங்களில் இந்த இரண்டும் அந்தந்த இனத்து ஆணின் குரலில் ஓங்கியிருக்கும் அதிர்வுகளுக்கு நெருக்கமாக இசைந்திருக்கின்றன. ஆனால் இது மட்டும் போதாது. குட்டையில் பல இனங்களின் அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அங்கே பெண் என்ன செய்கிறது?

இதற்கு வந்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2021இல் வெளிவந்தது. நார்மன் லீ, மார்க் பீ முதலியோர் அமெரிக்கப் பச்சை மரத்தவளையை எடுத்துக்கொண்டார்கள். அதன் செவிப்பறை எவ்வளவு அதிர்கிறது என்பதை லேசர் ஒளியால் அளந்தார்கள், நுரையீரல் காற்று நிறைந்திருக்கும்போது ஒரு முறை, காற்று வடிந்த பிறகு ஒரு முறை. நுரையீரலுக்கும் செவிக்கும் உள்ளே வழி உண்டு என்பது முன்பே தெரியும். அது சொந்த இனத்தின் குரலைப் பெரிதாக்கிக் காட்டும் என்றுதான் எதிர்பார்த்திருப்போம். அப்படி நடக்கவில்லை. காற்று நிறைந்த நுரையீரல் ஏறத்தாழ 1400 முதல் 2200 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்குச் செவிப்பறையை மந்தமாக்கியது. அந்தத் தவளையின் சொந்தக் குரலில் ஓங்கியிருக்கும் இரண்டு பகுதிகளும் இந்த இடைவெளிக்குக் கீழும் மேலும் இருப்பதால் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் மந்தமாக்கப்பட்டது யாருடைய குரல்? சாலையோரங்களில் நின்று தவளைக் குரல்களைக் கேட்டுக் குறித்து வைத்த தன்னார்வலர்களின் பல்லாண்டுக் குறிப்புகளைப் புரட்டினார்கள். பச்சை மரத்தவளையோடு ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கத்தும் மற்ற இனங்களின் குரல்கள் அந்த இடைவெளிக்குள் வந்து விழுந்தன. அண்டை வீட்டுச் சத்தத்தைக் குறைப்பதற்கு நுரையீரலையே பயன்படுத்துகிற பிராணி! மூச்சு விடும் உறுப்பு இந்த வேலையைச் செய்யும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இதெல்லாம் சத்தத்தை விலக்குவது. அச்சாகச் சொந்த இனத்தைப் போலவே இருக்கும் பங்காளியின் குரலை விலக்குவது இன்னும் கடினம். அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளைகள் இரண்டை இதற்காகவே கார்ல் ஜெர்ஹார்ட் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஹைலா கிரைசோசெலிஸ், ஹைலா வெர்சிகலர். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒன்றுக்கு 24 குரோமோசோம்கள், மற்றதற்கு 48. கலந்தால் பிறப்பவை வம்சம் வளர்க்க உதவாது. இரண்டின் குரலும் தட்டல் தட்டலாக வரும் அடுக்கொலிதான். ஆனால் கிரைசோசெலிஸின் துடிப்பு வேகம் மற்றதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சரி, பெண் தட்டலை எண்ணித் தேர்ந்தெடுக்கிறது என்று முடித்துவிடலாமா? முடியாது. தவளைக்கு உடம்புச் சூடு நிலையானதல்ல. இரவு குளிர்ந்தால் தட்டல் நிதானப்படும், வெக்கையாக இருந்தால் வேகம் பிடிக்கும். குளிரில் கத்தும் வேக இனமும் வெக்கையில் கத்தும் நிதான இனமும் ஒன்றுபோல் கேட்டுவிடக் கூடும். 1978இல் ஜெர்ஹார்ட் காட்டினார்: பெண்ணின் விருப்பமும் வெப்பநிலையோடு சேர்ந்தே நகர்கிறது. குளிர்ந்த பெண் நிதானமான தட்டலை நாடுகிறது, சூடான பெண் வேகமானதை. அளப்பதும் அளக்கப்படுவதும் ஒரே காற்றில் இருப்பதால் கணக்கு தவறுவதில்லை.

அவர் 1994இல் வெளியிட்டதுதான் என் பேச்சின் நடு. இரண்டு இனங்களும் சேர்ந்து வாழும் இடங்களிலிருந்தும், கிரைசோசெலிஸ் மட்டும் தனியாக வாழும் தொலைவான இடங்களிலிருந்தும் பெண்களைக் கொண்டுவந்தார். ஒரு ஒலிபெருக்கியில் சரியான குரல், மற்றதில் பங்காளியின் வேகம். பங்காளியோடு வாழ்ந்து பழகிய இடத்துப் பெண்கள் கறாராக இருந்தன. சரியான குரல் சன்னமாகக் கேட்டாலும் அதை நோக்கியே போயின. தனியிடத்துப் பெண்களிடம் அந்தக் கறார் இல்லை. இனம் ஒன்றே, குரல் ஒன்றே. ஆனால் அண்டை மாறினால் காதின் கண்டிப்பும் மாறுகிறது.

ஆணின் குரலே அண்டையைப் பார்த்து விலகிக்கொள்வதை அதற்கு முன்பே, 1965இல், ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் மர்ரி லிட்டில்ஜான் எழுதியிருந்தார். யூவிங் தவளை, வெர்ரோ தவளை என்று இரு பங்காளிகள். தனித்தனியாக வாழும் பகுதிகளில் இரண்டின் குரலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. இரண்டும் சந்திக்கும் பகுதியில் துடிப்பு வேகங்கள் விலகி நிற்கின்றன. எல்லைத் தகராறு உள்ள இடத்தில்தானே வேலி போடுகிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு, ‘ஆக, இயற்கை இனங்களைக் கலக்க விடாது’ என்று யாராவது முடிவு கட்டினால் அவர்களை அரிசோனா பாலைவனத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கே ஸ்பியா என்ற பேரினத்தில் மண்ணைத் தோண்டி வாழும் தேரைகள் இரண்டு. மழை பெய்து தேங்கிய குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற வேண்டும். ஒரு இனத்தின் பிரட்டைகள் மெதுவாக வளரும். மற்ற இனத்தோடு கலந்தால் பிறப்பவை சீக்கிரம் வளர்ந்துவிடும், ஆனால் கலப்பில் பிறந்த ஆண்கள் மலடு. காரின் ஃபென்னிக் 2007இல் காட்டியது: மெதுவாக வளரும் இனத்துப் பெண், தண்ணீர் ஆழமாக இருந்தால் சொந்த இனத்துக் குரலையே நாடுகிறது. ஆழம் குறைந்தால் மற்ற இனத்து ஆணின் குரலை நோக்கிப் போவது கூடுகிறது! மலட்டுப் பிள்ளையாவது கரையேறட்டும் என்று. பெண் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து ஆணின் இனத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்றால், ஏரியில் நீர்மட்டம் எவ்வளவு என்பதும் குரல் பற்றிய கேள்விதான். வாணியாறு அணைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்பீர்கள். நம் இனங்கள் வேறு. ஆனால் கேள்வி அதுவேதான்.

போட்டியில் வேறு வழிகளும் உண்டு, அவற்றை வேகமாகச் சொல்கிறேன். சிலது இடத்தைப் பிரித்துக்கொள்கின்றன: ஒன்று மிதந்துகொண்டு, ஒன்று கரைப் புல்லில், ஒன்று புதரில். சிலது காலத்தை: பெருந்தவளையும் பலூன் தவளையும் மழை விழுந்த சில இரவுகளில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடும், தண்ணீரில் தத்தும் தவளை மாதக்கணக்கில் ஆற அமரக் கத்தும். இன்னும் சிலது நொடிகளையே பிரித்துக்கொள்கின்றன. 1980களில் பனாமாவில் ஜோஷுவா ஷ்வார்ட்ஸும் கென்ட்வுட் வெல்ஸும் மூன்று பங்காளி மரத்தவளைகளைக் கவனித்தார்கள். ஒரு இனம் கூட்டமாகக் கத்தி ஓயும் இடைவெளிக்குள் அடுத்த இனம் தன் குரலை நுழைக்கிறது. நெருங்கிவிட்டால் வேறு இனத்து ஆணையும் மிரட்டும் குரலால் எச்சரிக்கிறது. அந்த மிரட்டல் பொதுமொழி போலும்.

நம் நாட்டில் இந்தத் துறையில் நல்ல வேலை நடந்திருக்கிறது. தார்வாடில் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ஆர். டி. கனமாடியும் ஜெர்மானியரான ஹான்ஸ் ஷ்னைடரும் 1990களில் மரத்தவளை உள்ளிட்ட நம் சாதாரணத் தவளைகளின் குரல்களை அளந்து எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கு அடியிலிருந்தே கத்தும் ஊதா நிறத் தவளையின் குரல் 2014இல் விவரிக்கப்பட்டது. இலங்கையில் நடந்ததுதான் நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே சமவெளியில் இருந்த சிவப்புக் குறுவாய்த் தவளையை எல்லோரும் நம் ஜெர்டனின் மைக்ரோஹைலா ரூப்ரா என்றே எண்ணியிருந்தார்கள். உடலமைப்பு, மரபணு, குரல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது அது வேறு இனம் என்று 2016இல் தெளிவாயிற்று. மிகிந்தலை ஊரின் பெயரால் மைக்ரோஹைலா மிகிந்தலே ஆனது. கடல் பிரித்த பங்காளிகள்.

இதுவரை சொன்னது தவளைகளின் சத்தம். இப்போது நம் சத்தத்துக்கு, ரயிலுக்கு வருகிறேன். பொம்மிடி ரயிலடியைச் சுற்றி வளர்ந்த ஊர். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே இரவெல்லாம் வண்டிகள் போகும்; லோகூர்ப் பக்கம் மலையேறும் சரக்கு வண்டியின் முக்கல் தனி. இந்தச் சத்தம் தவளைகளை என்ன செய்யும்? தாய்லாந்தில் சன், பீட்டர் நாரின்ஸ் இருவரும் குட்டையோரத்தில் விமான, மோட்டார் சைக்கிள் சத்தங்களை ஒலிபரப்பிப் பார்த்து 2005இல் எழுதினார்கள். மூன்று இனங்கள் கத்தலைக் குறைத்துக்கொண்டன; நம் குறுவாய்த் தவளையின் பங்காளியான மைக்ரோஹைலா பட்லெரி அதில் ஒன்று. நான்காவதாக ஒரு இனம் கத்தலைக் கூட்டியது. ஏன்? அதற்கு வண்டிச் சத்தம் பிடித்துப்போய்விட்டது என்று பொருளில்லை. மற்றவை அடங்கியதில் அதற்கு வழி கிடைத்திருக்கலாம். அந்த நான்காவது இனத்தின் குரலை மட்டும் தனியே ஒலிபரப்பியபோது மற்றவை அடங்கவும் செய்தன. அதாவது இரைச்சல் ஒரு இனத்தைத் தொட்டால், அது அடுத்ததையும் தொடலாம்.

இரைச்சலுக்குப் பதில் புதிய தவளையே வந்து சேர்ந்தாலும் இதே கதைதான். பிரேசில் காட்டில் அமெரிக்கக் காளைத்தவளை வந்து குடியேறியது. அதன் குரலை ஒலிபரப்பிக் கேட்கவைத்தபோது உள்ளூர் மரத்தவளை ஒன்று தன் குரலின் சுருதியை உயர்த்திக்கொண்டது என்று 2012இல் காமிலா போத், டாரன் கிராண்ட் காட்டினார்கள். நம் பெருந்தவளையும் இப்போது அந்தமானில் வந்தேறி. அதன் தலைப்பிரட்டை அங்குள்ள தலைப்பிரட்டைகளைத் தின்கிறது. ஊரில் நல்ல பிள்ளை, வெளியூரில் ரௌடி. இங்கே நாம் செய்தது அதற்கு நேர் எதிர். தவளைக்கால் ஏற்றுமதிக்காக, 1987இல் தடை வரும் வரை, வயலிலிருந்து பெரிய தவளைகளாகப் பார்த்துப் பொறுக்கினோம். பூச்சி பெருகியது என்ற கோணத்தில் அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். குட்டையின் அடித்தொண்டைக் குரல்களை மட்டும் தேர்ந்து எடுத்துவிட்டோம் என்ற கோணமும் ஒன்று உண்டு. அதை எழுதியவர்கள் குறைவு.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வேலை. அமெரிக்காவில் அந்த நுரையீரல் ஆய்வுக்குக் கைகொடுத்தது சாலையோரத்தில் நின்றவர்களின் குறிப்புதான் என்று சொன்னேன் அல்லவா? உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் அதற்குப் போதும். முதல் மழை இரவிலிருந்து தொடங்குங்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஐந்து நிமிடப் பதிவு. இடம், தேதி, மழை எப்போது நின்றது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று குரலாலேயே சொல்லிப் பதியுங்கள். காற்றின் வெப்பநிலையைக் கட்டாயம் குறியுங்கள். அது இல்லாமல் துடிப்பு வேகத்தை எண்ணிப் பயனில்லை. எந்தத் தவளை என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரிந்தது போல எழுதிவிடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். கையில் டார்ச், காலில் மூடிய செருப்பு. தவளை கூடும் இடத்துக்குப் பாம்பும் வரும். பதிந்துகொண்டிருக்கும்போது ரயில் வந்தால் போனை அணைக்க வேண்டாம். வண்டி கடந்து போன பிறகு எந்தக் குரல் முதலில் திரும்புகிறது, எது காத்திருக்கிறது என்று பார்ப்போம்.